ஒரே ராத்திரி வாசித்த ஓப்பனிங்

"சரி, இன்னொரு வாட்டி சொல்லு. எது?"

"எண்பத்தாறு. ப்ரெய்ரி ஹெரால்ட்ஸ். ஓஷ்காஷ்."

"அவ்வளவுதான். அதுக்கு மேல வாயைத் திறக்காத."

"ஏன், கூட ரெண்டு வார்த்தை பேசினா என்ன?"

"எரிக்கும் இதையேதான் கேட்டான்" என்றாள் கிர்ஸ்டன்.

எரிக் அவளுடைய போன வருடத்துக் காதலன். அவள் அப்பா வெர்ன் ஹாகன் யாரைப் பார்த்தாலும் கேட்கும் ஒரே கேள்வி, "உனக்குப் பிடிச்ச ஓப்பனிங் எது?" ஓப்பனிங் என்றால் ஒரு வாத்தியக் குழு ஆட்டத்தைத் தொடங்கும்போது வாசிக்கும் முதல் உருப்படி. எரிக் பாவம், சொல்லிக்கொடுத்ததோடு நிற்காமல் ஏதோ ஒரு குழு ஆட்டத்தை முடிக்கும்போது வாசித்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். "முதல் உருப்படி எது, கடைசி உருப்படி எதுன்னு தெரியாதவன் எங்க உருப்படப் போறான்" என்று வெர்ன் அன்றே ஆளைத் தள்ளிவிட்டார்.

விஸ்கான்சினில் அந்தக் குடும்பத்துக்குக் கோடைக்காலம் என்றால் டிரம் கோர்தான். நூறு, நூற்றைம்பது பிள்ளைகள் கொம்பும் மேளமுமாகப் புல்தரையில் ஓடிக்கொண்டே வாசிப்பார்கள். ப்ரெய்ரி ஹெரால்ட்ஸ் அப்படி ஒரு குழு, ஓஷ்காஷ் ஒரு ஊர், எண்பத்தாறு வருடம். நடுவர்கள் அவர்களுக்கு மார்க் போடுவார்கள். வெர்ன் அந்த நடுவர்களுக்கு மார்க் போடுவார்.

இந்த வருடத்துக் காதலன் டோபினுக்கு டயர் விற்கத் தெரியும். மேளத்தையும் கொம்பையும் தூரத்திலிருந்து அடையாளம் காட்டுவான். அவன் இசை ஞானம் அதோடு சரி.

"இதெல்லாம் ஒரு பரீட்சையா கிர்ஸ்டன்?"

"எங்கப்பா பக்கத்துல ஒரு கோடை முழுக்க உக்கார முடியாதவனை நான் கட்டிக்க மாட்டேன். என்னால நடுவுல உக்காந்துகிட்டு ரெண்டு பக்கமும் சமாளிக்க முடியாது."

போட்டி மைதானத்தின் மேல் வரிசையில் வெர்ன் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கை கொடுத்தார். டயர் வியாபாரம் எப்படி, அப்பா அம்மா சௌக்கியமா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"பிடிச்ச ஓப்பனிங்?"

"எண்பத்தாறு. ப்ரெய்ரி ஹெரால்ட்ஸ். ஓஷ்காஷ்."

வெர்ன் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் நிற்கும் வாடிக்கையாளர் என்றால் டோபினுக்கு ஆகாது. ஏதாவது சொல்லியாக வேண்டும் போல வாய் துறுதுறுக்கும்.

"அந்த மேளம் வந்து இறங்கும் பாருங்க சார், அந்த இடம்."

"அதுல மேளமே கிடையாதே."

கிர்ஸ்டன் அவன் தொடையைக் கிள்ளினாள்.

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். வரும், வரும்னு உக்காந்திருப்போம். வரவே வராது."

வெர்ன் மெதுவாகத் திரும்பி அவனை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன். ஒரு பயலுக்கும் புரியல. உனக்குப் புரிஞ்சிருக்கு."

அந்த இடத்தில் டோபின் எழுந்து சோடா வாங்கப் போயிருக்கலாம். போகவில்லை.

"ஆனா தம்பி, நீ எப்படிக் கேட்ட? ஒரே ராத்திரிதான் வாசிச்சாங்க. மறுநாளே அதைத் தூக்கிட்டு வேற போட்டுட்டாங்க. டேப் கூடக் கிடையாது."

கோடை முழுக்க தினம் ஒன்றை மாற்றிக்கொண்டே இருப்பது கோர்களின் வழக்கம். இன்று கேட்டது நாளைக்கு இருக்காது. கிர்ஸ்டன் இதைச் சொல்லித்தர மறந்திருந்தாள்.

"எங்க சித்தப்பா சொல்லுவாரு சார். அவரு அன்னைக்கு அங்க இருந்தாரு."

"அப்படியா? எங்க உக்காந்திருந்தாரு?"

"உச்சி வரிசைல."

"அந்த மைதானத்துல மொத்தமே நாலு வரிசைதான். நானும் இருந்தேனே. வந்தவன் அத்தனை பேரையும் எனக்குத் தெரியும்."

சித்தப்பாவுக்குப் பார்வையாளர் பக்கம் இடமில்லை என்று ஆகிவிட்டது. டோபின் அவரைப் புல்தரைக்கு அனுப்பிவைத்தான்.

"உக்காரல சார். வாசிச்சாரு."

"ஹெரால்ட்ஸ்லயா?" வெர்ன் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "என்ன வாசிச்சாரு?"

கீழே ஒரு பையன் பெரிய கொம்பு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

"அதோ, அந்தத் தோள் கொம்பு."

கிர்ஸ்டன் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெர்ன் எழுந்து நின்று கீழ்ப்பக்கம் கை தட்டினார்.

"டெல்மர், டேய், இங்க ஏறி வாடா. உன் கூடத் தோள் கொம்பு வாசிச்சவரோட அண்ணன் மகன் வந்திருக்கான்."

டெல்மர் சாயம் போன ஹெரால்ட்ஸ் சட்டையை வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி வந்தார். அந்த ஓஷ்காஷ் ராத்திரியைப் பற்றிச் சொல்லியே ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓசியில் சாசேஜ் பன் தின்பவர். டோபின் மாட்டினோம் என்று முடிவு செய்தான்.

"சித்தப்பா பேரு?" என்றார் டெல்மர்.

"கிளேட்டன்."

டெல்மர் முகம் வெளுத்தது.

"அவரு... அன்னைக்கு ராத்திரியைப் பத்தி உன்கிட்ட என்னென்ன சொல்லியிருக்காரு?"

"எல்லாம் சொல்லியிருக்காரு சார்."

"எல்லாமா?"

"ஒண்ணு விடாம."

டெல்மர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். வெர்னைப் பார்த்தார். மறுபடி டோபினைப் பார்த்தார்.

"கிளேட்டன். ஆமாமா, நல்ல பையன். எனக்கு ரெண்டு ஆள் தள்ளி நிப்பான்."

பிறக்கவே பிறக்காத சித்தப்பா இரண்டு ஆள் தள்ளி நின்றதைக் கேட்டு டோபின் அசந்துபோனான்.

"அப்புறம் என்ன, இப்பவே அவருக்கு ஒரு போன் போடு" என்றார் வெர்ன். "ஸ்பீக்கர்ல போடு. டெல்மரும் பேசட்டும்."

"நானா?" என்றார் டெல்மர்.

டோபின் போனைக் கையில் எடுத்தான். திரும்பவும் பைக்குள் வைத்தான்.

"சித்தப்பா தவறிட்டாரு சார். இந்த ஏப்ரல்ல."

"ரொம்ப வருத்தமா இருக்குப்பா" என்றார் டெல்மர், பல்வலி விட்டவர் முகத்தோடு.

வெர்ன் தொப்பியைக் கழற்றினார். படி இறங்கிப் போனார். போன வேகத்தைப் பார்த்து கிர்ஸ்டன், "எங்க போறாரு?" என்றாள். அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. மைக் பிடித்திருந்தவர் வெர்னுடைய சீட்டாட்டக் கூட்டாளி.

"முதல் குழு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. ஓஷ்காஷ் எண்பத்தாறு உங்க எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு வாசிச்ச கிளேட்டன் இப்ப நம்மோட இல்ல. அவருக்காக எல்லாரும் எழுந்து நிப்போம்."

மைதானமே எழுந்தது. புல்தரையில் முதல் குழுப் பிள்ளைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள். டோபினுக்குப் பின்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"எனக்கு அவரை நல்லாத் தெரியும்" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "அன்னைக்கு வாசிக்கும்போதே அழுதுட்டாரு."

வெர்ன் திரும்பி வந்து டோபின் தோளில் கையைப் போட்டார். கண் சிவந்திருந்தது.

"ஆகஸ்ட்ல இறுதிப் போட்டிக்கு இந்தியானாபொலிஸ் வர்ற. என் பக்கத்துல உக்கார்ற. கல்யாணத் தேதியை அதுக்கப்புறமா வெச்சுக்குங்க ரெண்டு பேரும்."

கிர்ஸ்டன் அவன் காதருகே குனிந்தாள். "உனக்குச் சித்தப்பாவே கிடையாதே."

"தெரியும்."

"கல்யாணத்துக்கு அவர் போட்டோ கேப்பாரு அப்பா. சட்டம் போட்டு மாட்டுவாரு."

டோபினால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. பன் வாங்கி வருகிறேன் என்று இறங்கி, சாசேஜ் கடைக்குப் போனான். கிர்ஸ்டனின் அம்மா லொரெய்ன் அங்கேதான் ஏப்ரனோடு சாசேஜ்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வருங்கால மாமியார். நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான், ஓஷ்காஷிலிருந்து ஏப்ரல் மாதம் வரை.

"நான் மேல போய் உண்மையைச் சொல்லிடறேன் ஆன்ட்டி. கல்யாணம் நின்னாலும் பரவாயில்ல. இல்லாத மனுஷனுக்கு ஊரே எழுந்து நின்னுடுச்சு."

லொரெய்ன் நிதானமாக ஒரு பன்னைப் பிளந்தாள்.

"மேளமே வராதுன்னு சொன்னாரா வெர்ன்?"

"ஆமா."

"என்கிட்ட முதமுதல்ல பேச்சுக் குடுக்க வந்தப்பவும் அதையேதான் சொன்னாரு. கண்ணுல தண்ணி வேற."

"நீங்களும் ஓஷ்காஷ் போயிருந்தீங்களா?"

லொரெய்ன் சாசேஜை பன்னுக்குள் வைத்து, கடுகுச் சாந்தைத் தடவி, அவன் கையில் கொடுத்தாள்.

"அந்த வருஷம் ஹெரால்ட்ஸ் சமையல் லாரில இருந்ததே நான்தான் தம்பி. ஓஷ்காஷ் போற வழியில சோளக்காட்டு ஓரமா பஸ் படுத்துருச்சு. டெல்மர் பின்னாடி நின்னு விடியற வரைக்கும் தள்ளினான். அன்னைக்கு ராத்திரி ஹெரால்ட்ஸ்ல ஒருத்தரும் அந்த மைதானத்தைக் கண்ணால கூடப் பாக்கல. இருந்தாலும் நீயே சொல்லு, இத்தனை பேரை அழ வெச்ச ஓப்பனிங் வேற ஏதாவது உண்டா?"