பெரியவரின் மூக்குக்கண்ணாடி

அன்புள்ள மைத்துனனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரர் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் உன் பதிப்பகமும் அவ்வாறே இருப்பீர்களாக.

மச்சான், அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கிடைத்துவிட்டது! ‘நாவல் பெரியவர்’ என்று ஊரே கொண்டாடிய எழுத்தாளரின் மூக்குக்கண்ணாடி! என் அலமாரியில் இதுவரை சேர்ந்தவை உனக்குத் தெரியும்: கவிஞரின் சீப்பு (மூன்று பல் இல்லை), நாடகாசிரியரின் குடை, ஒரு கட்டுரையாளரின் இடது கால் செருப்பு. “இன்னொரு கால் செருப்பும் வந்தா யாராவது போட்டுக்கலாம்” என்று உன் அக்காள் இன்னும் குத்திக்காட்டுகிறாள். பெரியவர் மறைந்தபின் அவர் மகன் வீட்டை ஒழிக்கிறார் என்று கேள்விப்பட்டு, மூன்று வாரத்துக்கு முன் ஓடினேன். “இந்தாங்க ஐயா, அப்பா கடைசிவரைக்கும் போட்டிருந்தது” என்று கறுப்புச் சட்டக் கண்ணாடியை மேசைமேல் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னுடையதைக் (அதுவும் கறுப்புச் சட்டம்தான்) கழற்றிப் பக்கத்தில் வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறிப் பெரியவருடையதை எடுத்து மாட்டினேன். என்ன தெளிவு! என் பவரும் அவர் பவரும் ஒன்றே! பழசு இனி எதற்கென்று என்னுடையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். “புதுக் கண்ணாடி எப்படி இருக்கு?” என்று கேட்டால், “எது புதுசு?” என்கிறாள் உன் அக்காள். அவள் ரசனை அவ்வளவுதான்.

இனிதான் சங்கதியே. முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் எழுத்துக்குப் பிழை திருத்தியவன் நான். சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. ஆசை இல்லாமலா? பயம். இந்தக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன், நாவல் கொட்டுகிறது! நாற்பது பக்கம்! எழுதுவது நானில்லை மச்சான், கண்ணாடி. அதனால் ஒரு காற்புள்ளியைக்கூட நான் தொடவில்லை; அவர் வாக்கில் கைவைக்க நான் யார்? படித்துக்கொண்டே உன் அக்காள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டாள். பக்கங்களைக் காலையிலேயே பார்சலில் அனுப்பிவிட்டேன். அப்படியே அச்சுக்குக் கொடு.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள், உன் மனைவிக்கு அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பெரியவரின் மகன் வந்து நிற்கிறார். “ஐயா, அப்பா கண்ணாடிய மேசையிலயே விட்டுட்டு, உங்களதையே போட்டுக்கிட்டுப் போயிட்டீங்களே! மேசைய நகர்த்தும்போதுதான் பார்த்தேன்.” அதை வாங்கி மாட்டிப் பார்த்தேன், கதவு எது, சுவர் எது என்று தெரியவில்லை. அப்படியானால் அந்த நாற்பது பக்கமும் நானா மச்சான்? நானேதானா? பார்சலைப் பிரிக்காதே, உடனே திருப்பி அனுப்பு. பிழை திருத்த வேண்டும்.