மூன்று நாள் படித்த பல் வாத்தியார்

மூன்று நாள் படித்துவிட்டு மூன்று தலைமுறைக்குப் பாடம் நடத்தக் கிளம்பும் மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் வாருங்கள். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் நாகலிங்கம் ஐயா இருக்கிறார்.

பல் டாக்டர்கள் மலையேறி வருவதில்லை. ஆகவே மருந்து கொடுக்கிறவர்களும் மருத்துவச்சிகளும் வாயைப் பார்க்கப் பழக வேண்டும் என்று முப்பத்தாறாம் வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் நினைத்தார். கண்டியில் மூன்று நாள் வகுப்பு. ஐயா போனார், ஒரு நோட்டுப்புத்தகத்தோடும் சுண்ணாம்பில் வார்த்த ஒரு தாடையோடும் திரும்பினார். தோட்டத்துக்குச் சனி பிடித்தது. காய்ச்சலா, பல்லைக் காட்டு. காலில் அட்டை கடித்துவிட்டதா, பல்லைக் காட்டு. பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளைக்கூட அவர் விடவில்லை. வாயைத் திறந்தால், "கண்டியில நாங்க இத வேற மாதிரி செஞ்சோம்" என்பார். என்ன செய்தார்கள்? உட்கார்ந்து எழுதினார்கள்.

பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் மருத்துவச்சிகளையும் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர்களையும் கூட்டித் தாமே வகுப்பு வைத்தார். அன்று காலை பார்த்துச் சுண்ணாம்புத் தாடை மேசையிலிருந்து விழுந்து நொறுங்கியது. ஐயாவுக்கு உயிரே போய்விட்டது. அந்த நேரத்தில் கன்னம் வீங்கி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கொழுந்து பறிக்கும் காளியாயி படியேறி வந்தாள். மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை; கைப்பிள்ளைக்குப் பாலும் வற்றிவிட்டது. ஐயாவுக்கோ, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல இருந்தது.

"வா, வா! இந்த முக்காலியில ஒக்காரு. வாயத் தொற. நான் சொல்ற வரைக்கும் மூடக்கூடாது."

மேல்தாடைக்கே அரை மணி நேரம் போயிற்று. கடைசிப் பெஞ்சியிலிருந்து, எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சி ராக்காயி எழுந்தாள்.

"ஐயா, பதினோரு மணிக்குத் தேயிலை லொறி அட்டனுக்குப் போவுதுங்க. ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா இவள பெரிய ஆஸ்பத்திரியில சேத்துரலாம். துண்டு இல்லாம ஏத்த மாட்டாங்க."

"கேள்வியெல்லாம் கடைசியில."

இவ்வளவு சொல்லிவிட்டு, பாடத்தின் ஆக முக்கியமான இடத்துக்கு வந்தார். "எல்லாரும் எழுதிக்கங்க. 'வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து கண்டால், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புக.'"

பென்சில்கள் ஓடின. இன்னொரு தடவை சொன்னார். இன்னும் அழுத்தி எழுதினார்கள். வீக்கம் என்றால் எது என்று பிரம்பால் காளியாயியின் கன்னத்தையே தொட்டுக் காட்டினார், எல்லோரும் தலையாட்டினார்கள். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. அனுப்பத்தான் எழுதியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐயாவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, பாவம். அவர் கண்ணுக்கு அப்போது அவள் தெரியவில்லை, பாடம்தான் தெரிந்தது.

கீழே லொறி ஹாரன் அடித்தது. ராக்காயி பக்கத்திலிருந்தவரின் தாளைச் சரக்கென்று கிழித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"எம்புட்டு நல்ல வார்த்தைங்க! ஐயா கையெழுத்துப் போட்டுக் குடுத்தா எங்க தோட்டத்துல காட்டுவேங்க."

ஐயாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், 'கண்டியில் பயின்றவர்' என்றும் சேர்த்துக்கொண்டார். மை காயுமுன் ராக்காயி காளியாயியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

"அடியேய், கீழ்த்தாடை இன்னும் முடியலடி!" என்று ஐயா வாசலில் நின்று கத்தினார்.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்தார்கள். ஒரு நாள் பிந்தியிருந்தால் பிள்ளைக்குத் தாய் இல்லை என்றாராம் டாக்டர். நம் ஐயா தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு எழுதிய அறிக்கை இது: 'வகுப்பு சிறப்பாக நடந்தது. மாதிரி வாய் மட்டும் பாதியில் எழுந்து போய்விட்டது.'

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நீங்களும் இவ்வளவு நேரம் அந்த அறையில்தானே இருந்தீர்கள்? காளியாயி கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளட்டும் என்று ஒரு தடவையாவது நினைத்தீர்களா? இல்லையென்றால் அந்தப் பெஞ்சியில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. பென்சிலும் கொடுப்பார்கள்.