இல்லாத லோகநாயகியும் இருந்த ராஜாமணியும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத ஆரம்பித்தால் வாக்கியம் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். மறதியும் உண்டு. (நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடிவிட்டுத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.) ஆனால் ஒரு விஷயம் மறக்கவே மறக்காது. பக்கத்து வீட்டில் நல்ல உடம்போடு குடியிருக்கும் என் நங்கையாவை, இப்படி ஒரு ஆளே கிடையாது என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்.

நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. பெரியநாயக்கன்பாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் நானும் நங்கையாவும் நாற்பத்தொரு வருடமாக ஒரே சுவரின் இரண்டு பக்கம் இருக்கிறோம். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. எந்தத் தேர்தலாக இருந்தாலும் எங்கள் பூத்தில் முதல் ஓட்டு அவருடையதுதான். ஏழு மணிக்குக் கதவு திறப்பார்கள் என்றால், குளித்துப் பொட்டு வைத்து ஐந்தரைக்கே வாசலில் நிற்பார். போலீஸ்காரருக்கே அவர்தான் டீ வாங்கித் தருவார்.

நானோ அதற்கு நேர்மாறு. வெளி ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவங்க இல்லீங்க" என்று மட்டும் சொல்லத் தெரிந்தவள்.

வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்கள் என்று செல்வி டீச்சர் வீடு வீடாக வந்தார். அங்கன்வாடி டீச்சர், ஊருக்குப் புதிது. கையில் இருந்த பட்டியலில் பழைய கதவு எண். எங்கள் வீதியில் புது எண். வெயிலில் முகம் சிவந்து எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, இந்த வீதி ஆட்களை அடையாளம் சொல்ல உதவ முடியுமா, சட்டமன்றத் தேர்தலும் வருகிறது, அதற்குப் பின்னால் உள்ளாட்சித் தேர்தலும் வரும், ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது என்றார்.

என்னை யாரும் அதுவரை எதற்கும் உதவி கேட்டதில்லை. (முறுக்கு மாவு பிசைய மட்டும் கேட்பார்கள்.) டீச்சர் ஒரு பென்சிலையும் கையில் கொடுத்தார். அந்தப் பென்சில் வந்ததும் என் கூச்சமெல்லாம் எங்கே போனதோ, நான் கலெக்டராகிவிட்டேன். இந்த வீடு இன்னார், அந்த வீட்டுப் பெண் கல்யாணமாகித் தொண்டாமுத்தூர் போய்விட்டாள், அந்தப் பெரியவர் தவறிவிட்டார் என்று மளமளவென்று சொன்னேன். டீச்சர் அசந்துபோனார்.

அப்போதுதான் அந்தப் பெயர் வந்தது. லோகநாயகி. கணவர் பெயர் சுப்பிரமணியம். எங்கள் வீதியில் மட்டும் நாலு சுப்பிரமணியம். போட்டோவைப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரித்துணி பட்ட மாதிரி ஒரு கறுப்பு.

"லோகநாயகியா? இந்த வளவுலயே அப்படி யாரும் இல்லீங்களே டீச்சர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"நாப்பத்தொரு வருசமா இருக்கறனுங். எனக்குத் தெரியாத ஆளா?"

டீச்சர் விடவில்லை. பக்கத்தில் பூட்டியிருந்த வீட்டைக் காட்டி, மூன்று முறை வந்தும் பூட்டியே இருக்கிறது, அங்கே யார் என்று கேட்டார். எங்கள் நங்கையா, பொள்ளாச்சியில் பேத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறார் என்றேன். பெயர் என்ன என்றார். நங்கையா என்றேன். அது முறைங்கம்மா, பெயர் சொல்லுங்கள் என்றார். அவர் ஊரிலிருந்து வந்ததும் அவரே சொல்லுவார் என்று பெரிய மனுசி மாதிரி பதில் சொன்னேன். தெரியாது என்று சொல்லப் பென்சில் பிடித்த கைக்கு மனம் வரவில்லை. ஊரே அவரைப் 'பெரியம்மிணி' என்றுதான் கூப்பிடும். காலமான அவர் வீட்டுக்காரரும் எங்களுக்கு 'மோட்டார்க்காரர்'தான். அவர் ஒரு சுப்பிரமணியம் என்பது என் மண்டையில் உதிக்கவே இல்லை.

அக்கம்பக்கம் விசாரித்ததற்குக் கையெழுத்து வேண்டும் என்றார் டீச்சர். மை டப்பாவை எடுக்கப் போனவரைத் தடுத்தேன். கைநாட்டு வைக்கிற ஆளா நான்? ஒவ்வொரு எழுத்தும் ஒரு இட்லி அளவுக்கு, 'ராஜாமணி' என்று போட்டேன்.

நங்கையா திரும்பி வந்தார். பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பட்டியலைப் பார்க்கப் போனார். வருடா வருடம் போய்ப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். திரும்பி வந்தபோது நேராக என் சமையல்கட்டுக்குள் வந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி, என்ற பேரையே தூக்கிப்போட்டாங்க. அப்படி ஆளே இல்லைன்னு எழுதியிருக்குது."

கையில் இருந்த வாக்காளர் அட்டையை நீட்டினார். லோகநாயகி. மில்லில் சேரும்போது அங்கே ஏற்கெனவே இரண்டு பெரியம்மிணி இருந்ததால் மேஸ்திரி வைத்த பெயராம்.

"அங்கிருந்த பையன்கிட்டக் கேட்டேன். நம்ம வீதியில ராஜாமணின்னு ஒருத்தி கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறாளாம். யாரு அம்மிணி அவ? உனக்குத் தெரியுமா?"

சத்தியமாக அவருக்குத் தெரியாது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொண்டாமுத்தூர்க்காரி, அல்லது அம்மிணி. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் என் அப்பாவும் வாத்தியாரும் மட்டும்தான்.

"தெரியலீங்களே நங்கையா" என்றேன்.

ஒரே வீதியில் இரண்டு பேரை இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இரண்டாவது ஆள் நான்.

அதோடு விட்டாரா? என்னையும் கூட்டிக்கொண்டு ராஜாமணியைத் தேடக் கிளம்பினார். வீதி வீதியாக அவர் முன்னால், நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால். கடைசியில் ஒரு ராஜாமணி கிடைத்தார். தையல்கடைக்காரர், மீசை வைத்தவர். நங்கையா அவரைக் கால் மணி நேரம் பிடித்து உலுக்கினார். "ஏனுங் பெரியம்மிணி, நான் இங்கிலீசுலதானுங் கையெழுத்தே போடுவேன்" என்று அந்த மனிதர் அளவெடுக்கும் டேப்போடு நின்று கெஞ்சினார். அவரிடம் இன்றுவரை நான் ரவிக்கை தைக்கக் கொடுப்பதில்லை. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெயரும் தெரியும். விஷயத்தைச் சொல்லி அழுதேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, "ரெண்டு பேருக்கு நடுவுல நான் எதுக்கு" என்று தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் சிறப்பு முகாம். அதில் மனுக் கொடுத்தால்தான் பெயர் திரும்ப வரும். விட்டால் இந்தத் தேர்தலில் முதல் ஓட்டு வேறு யாருடையதோ. நங்கையா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூட வாசலில், "ஐம்பது வருசமா ஓட்டுப் போட்டுப்போட்டு, இப்ப நான் இல்லையாமா" என்றார். அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

உள்ளே செல்வி டீச்சர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தார்.

"வாங்க ராஜாமணிம்மா, உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்."

நங்கையா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

"நாப்பத்தொரு வருசம்" என்றார். "என்ற பேரு உனக்குத் தெரியாது?"

எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். "உங்களுக்கும் என்ற பேரு தெரியலீங்களே நங்கையா."

பள்ளிக்கூடமே கேட்டது. வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். நங்கையா சிரிக்க ஆரம்பித்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டீச்சர்தான் பாவம், யார் இல்லை, யார் இருக்கிறார் என்று புரியாமல் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"இவளே எழுதட்டும்" என்றார் நங்கையா. "அப்பவாச்சும் மனசுல நிக்கும்."

எழுதினேன். லோகநாயகி. எழுத்து ஒவ்வொன்றும் இட்லி அளவு. கட்டத்துக்குள் அடங்காமல் இரண்டு படிவம் வீணாயிற்று. பெயர் திரும்ப வந்தது. தேர்தலன்று பூத்துக்குள் முதல் பெயராக அதை வாசித்தபோது, நங்கையா வரிசையில் இரண்டாவதாக நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "ராஜாமணி, நான் இருக்கறனா?" என்றார். "இருக்கறீங்" என்றேன். அதற்குப் பிறகுதான் ஓட்டுப் போடப் போனார்.

இப்போது குடும்பத்தில் எது காணாமல் போனாலும், சாவியோ சர்க்கரை டப்பாவோ, "ராஜாமணி கையெழுத்துப் போட்டுட்டாளா?" என்பார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்காக ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் வீட்டில் கூப்பிடும் பெயர், எதிர்ப்பக்கம் அட்டையில் இருக்கும் பெயர். எங்கள் வீதி முழுக்க முடித்துவிட்டேன். வெட்கமில்லாமல் கதவைத் தட்டிக் கேட்கிறேன்.

நான் மறதிக்காரி என்று முதலிலேயே சொன்னேன். மேலே எழுதியதில் வருடக் கணக்கோ வேறு எதுவுமோ பிசகியிருந்தால், விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நங்கையாவின் பெயரை மட்டும் கட்டாயம் பாருங்கள். லோகநாயகிதானே?