ஜலஜா டீச்சர் இடப்பக்கம் வென்ற படலம்

வாழ்க ஜலஜா டீச்சர்! லோதி ரோட்டுப் பள்ளியில் கணக்குக் கற்பித்த காலத்தில், கரும்பலகையை நோக்கி நின்றபடியே கடைசி வரிசையில் மிட்டாய் மெல்லும் வாயைக் கண்டுபிடித்த முதுகுக்கண்ணாள், வாய்பாடு என்னும் வாளால் பெருங்குறும்பர் படையைச் சிதறடித்த சுண்ணக்கட்டிச் செல்வி, ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியை ஒரு கண்ணசைவால் ஆண்ட பேரரசி வாழ்க!

அத்தகைய பேரரசியின் மீது, தில்லியின் மூடுபனி தெருக்களை விழுங்கியிருந்த ஒரு குளிர்காலக் காலையில், பக்கவாதம் என்னும் பகைவன் பாய்ந்தான். உயிரைக் கொள்ளவில்லை, பேச்சைக் கொள்ளவில்லை, உலகின் இடப்பாதியை மட்டும் பாய்போலச் சுருட்டிக்கொண்டு போனான். கண்களில் குறையில்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே மூளை மறந்துவிட்டது. முகத்தின் வலப்பாதிக்கு மட்டும் பவுடர் பூசினாள். சப்பாத்தியில் வலப்பாதியைத் தின்றுவிட்டு, இவ்வளவுதானா என்று கணவரை முறைத்தாள். அவர் தட்டைத் திருப்பி வைப்பார். மறுபாதி மாயமாய்த் தோன்றும்.

போர் மூண்டது ஒரு பங்குனிக் காலையில். கணவர் பாலசுப்ரமணியம், அமைச்சகத்தில் கோப்புகளைப் புரட்டியதன்றி அடுப்படியில் எதையும் புரட்டியறியாதவர், அன்று தன் கையாலேயே உளுந்து வடை சுட்டு, பயிற்சி தர வந்த சுனீதாவின் சொற்படி தட்டின் இடக்கோடியில் வைத்தார்.

“வாசன வருது, வடைய காணும். நீங்களே தின்னுட்டீங்களா?” என்றாள் ஜலஜா.

“தட்டுலதாம்மா இருக்கு.” அவர் கை வழக்கம்போல் தட்டைத் திருப்ப நீண்டது.

அப்போது சிங்கம் கர்ஜித்தது: “தட்டத் தொட்டீங்கன்னா இன்னிக்கு பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்! இருக்குன்னா நானே கண்டுபிடிப்பேன்.”

பாலசுப்ரமணியம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “ஷாபாஷ் மேடம்ஜி! பாயே, அவ்ர் பாயே!” என்று, இன்னும் இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம் என முரசறைந்தாள் சுனீதா.

புறப்பட்டது பார்வைப் படை. இட்லிக் குன்றுகளைக் கடந்து, தேங்காய்ச் சட்னிப் பாற்கடலை நீந்தி, சாம்பார்க் கிண்ண அகழியின் கரையேறிய அப்படை, அங்கே உலகம் முடிந்துவிட்டதென்று மருண்டு, புறமுதுகிட்டு வலப்பக்க ஜன்னலுக்கே ஓடியது. கழுத்து நோக, நெற்றி வியர்க்க, பல்லைக் கடித்து மீண்டும் திருப்பினாள், மீண்டும் ஓடியது, மூன்றாம் முறை அகழியைத் தாண்டிய பார்வை, தட்டின் முன்விளிம்பில் படுத்திருந்த ஒரு கையைக் கண்டது.

“திருட்டுத்தனமா கைய வைக்கிறீங்களா? எடுங்க!”

இடிவிழுந்தாற்போல் இறங்கியது அவளுடைய வலக்கை அடி. அடிபட்ட கை அசையவில்லை. ஆனால் வலி மட்டும், நெரிசலில் சிக்கிய தில்லிப் பேருந்தைப் போலத் தாமதமாக, அவளிடமே வந்து சேர்ந்தது.

அந்தக் கையிலிருந்த வளையலை உற்றுப் பார்த்தாள்.

“ஏங்க... இது என் கையா?”

“ஆமாம்மா,” என்றார் அவர்.

வலக்கையால் இடக்கையை மெல்லத் தடவிக்கொடுத்தாள். “பாவம், அடிச்சிட்டேனே.”

தடவிய விரல்களைத் தொடர்ந்து பார்வையும் நகர, அந்தக் கைக்கும் அப்பால், பொன்னிறமாய், துளை கோணிய மேனியாய், எழுஞாயிறென எழுந்தது வடை! எதிர்வீட்டு குக்கர் வெற்றிச் சங்கென முழங்க, சுனீதா கைகொட்டி ஆர்ப்பரிக்க, பாலசுப்ரமணியம் தோள்துண்டில் முகம் புதைக்க, இழந்த நாட்டை மீட்ட மாவீரி அதை எடுத்து, ஏந்தி, கடித்து, கண்மூடி மென்றாள்.

வடையில் உப்பு இல்லை.