சம்பந்தியைத் தொலைத்த சனிக்கிழமை

ஒரு மனிதனைத் தொலைப்பதற்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாத இடம் ஒன்று ரொறன்ரோவில் உண்டென்றால், அது பழைய ரயில் பாதைதான். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிள் ஓடுகிறவர்களுக்கும் நாய் நடத்துகிறவர்களுக்கும் விட்டுவைத்த பாதை. ஒரு முனையில் ஏறினால் மறு முனையில் இறங்கலாம். நடுவில் மனம் மாறுவதற்குக்கூட அதில் அதிகம் வழியில்லை. அப்படிப்பட்ட பாதையில், பட்டப்பகலில், ஆறடி உயரமும் பச்சை ஹெல்மெட்டும் உள்ள ஒரு முழு ஆளை நான் தொலைத்தேன். அதுவும் யாரோ எவரோ அல்ல. என் சம்பந்தியை. (சரியாகச் சொன்னால், வரப்போகும் சம்பந்தி. கல்யாணத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. அந்த நான்கு வாரத்தில்தான் முழுச் சிக்கலும்.)

இரண்டு வீடும் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்தில், பத்து நிமிஷக் கார் ஓட்டம். என் மகளுக்கும் அவர் மகனுக்கும் எல்லாம் பொருந்தி வந்தது, ஒரு குதிரையைத் தவிர. மாப்பிள்ளை மண்டபத்துக்கு வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கவேண்டும் என்பது சம்பந்தியின் ஆசை. மண்டபம் இருந்ததோ ஒரு டயர் கடைக்கும் பல் வைத்தியசாலைக்கும் நடுவில். கார் நிறுத்துமிடத்தில் குதிரையா என்று கேட்டேன். கேட்டதில் பிழையில்லை, கேட்ட விதந்தான் கொஞ்சம் பிழைத்துவிட்டது. (நான் கனைத்தும் காட்டியதாக என் மனைவி சுகந்தி இன்றுவரை சாட்சி சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.) அன்றிலிருந்து நானும் அவரும் சந்தித்தால் வெதரைப் பற்றி மட்டுமே கதைத்தோம்.

இப்படியே போனால் மணவறையிலும் இரண்டு பேரும் பனிமழையைப் பற்றித்தான் கதைப்பார்கள் என்று பயந்த சுகந்தி, சம்பந்தியின் மனைவியோடு சேர்ந்து ஒரு சதி செய்தாள். சம்பந்திக்கு டொக்டர் சைக்கிள் ஓடச் சொல்லியிருந்தார். எனக்கு என் வயிறே சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே ஆண்கள் இருவரும் பழைய ரயில் பாதையில் ஆறுதலாகச் சைக்கிள் ஓடிக்கொண்டு வருவது, பெண்கள் இருவரும் வான் வண்டியைக் கொண்டுபோய்ப் பாதை முடியும் இடத்தில், பழைய செங்கல் தொழிற்சாலையில் நடக்கும் சனிக்கிழமைச் சந்தையில், தேத்தண்ணியோடும் மட்டன் ரோல்ஸோடும் காத்திருப்பது. வந்து சேரும்போது நாங்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு வரவேண்டும் என்பது உத்தரவு.

சைக்கிள்களை இறக்கும்போது சம்பந்தியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணை, இவருக்குப் போன வின்ரரில நெஞ்சில ஸ்டென்ட் வைச்சது. களைச்சாலும் சொல்லமாட்டார். தனிய விட்டிடாதேங்கோ, என்ன?"

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. சம்பந்தி அணிந்திருந்தது உடம்போடு ஒட்டிய சைக்கிள் உடுப்பு. அதில் ஒரு பொக்கற்கூட இல்லை. அதனால் தன் போனை என் முதுகுப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஆளும் என் பொறுப்பு, போனும் என் பொறுப்பு.

அழகான பாதை, அதைக் குறை சொல்லக்கூடாது. மேப்பிள் மரங்கள் நுனியில் மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தன. ஒரு பக்கம் பணக்கார வீடுகளின் பின்வளவுகள், மறுபக்கம் அணில்கள். யங் வீதியைக் கடக்கும் பாலத்தில் நின்று கீழே சப்வே ரயில் போவதைப் பார்த்தோம். "நல்ல வெதர்" என்றார் சம்பந்தி. "ஓம், நல்ல வெதர்" என்றேன். கொஞ்சத் தூரம் போனபின் "எண்டாலும் காத்து" என்றார். அதையும் ஒத்துக்கொண்டேன். குதிரை எங்கள் இருவருக்கும் நடுவில் சத்தமில்லாமல் நடந்து வந்தது.

பாதை பெரிய கல்லறைத் தோட்டம் ஒன்றைத் தாண்டி, மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்குக்குள் இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டதும் எனக்குள் இருந்த பதினெட்டு வயதுக்காரன் விழித்துக்கொண்டான். சம்பந்திக்குக் கொஞ்சம் படம் காட்டுவோம் என்று பிரேக்கை விட்டேன். காதில் காற்று ஊத, வயிறு எனக்கு முன்னால் பறக்க, ஒரு நிமிஷம் நான் உலகத்தின் ராசா. அடுத்த நிமிஷம், காலையில் விழுங்கிய சுகர்க் குளிசை தன் வேலையைக் காட்டியது. சிறுநீர் அவசரம். பெண்ணின் தகப்பன் என்ற மரியாதையைக் காப்பாற்றவேண்டும் என்பதால், சைக்கிளையும் இழுத்துக்கொண்டு புதருக்குள் நன்றாக உள்ளே போய்விட்டேன்.

அந்த இரண்டு நிமிஷத்துக்குள் சம்பந்தி என்னைத் தாண்டிப் போயிருப்பார் என்று இதை வாசிக்கிற உங்களுக்கு உடனே விளங்குகிறது. எனக்கு விளங்கவில்லை. நான் வெளியே வந்து, பாதையோரத்தில் ஒய்யாரமாகச் சாய்ந்து, மேலே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஐந்து நிமிஷம் பெருமையாக நின்றேன். பத்தாவது நிமிஷம் ஸ்டென்ட் ஞாபகம் வந்தது.

அதன்பின் என் மூளை வேலை செய்த வேகத்தில் பாதியைக் கால்கள் காட்டியிருந்தால் ஒலிம்பிக்குக்குப் போயிருப்பேன். மூச்சு வாங்க மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போதே என் மனசுக்குள் சம்பந்தி விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, கல்யாணம் நின்றுவிட்டது, மகள் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். வழி நெடுக ஒவ்வொரு பள்ளமாக எட்டிப் பார்த்தேன். பச்சையாகத் தெரிந்ததெல்லாம் ஹெல்மெட். (செப்டெம்பர் மாதத்துக் காட்டில் எத்தனை பச்சை இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.)

கல்லறைத் தோட்டம்வரை வந்துவிட்டேன். அங்கே நாயோடு நடந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என் முகத்தைப் பார்த்து, யாரையாவது தேடுகிறாயா என்று இரக்கத்தோடு கேட்டார். என் மகளைக் கட்டப்போகிற பையனின் தகப்பனை என்றேன். சம்பந்தி என்ற ஐந்தெழுத்தை ஆங்கிலத்தில் சொல்ல இத்தனை சொற்கள் தேவைப்பட்டன. சரி, அவர் பெயர் என்ன, கூப்பிட்டுப் பார்ப்போம் என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

ஆறு மாதமாக அந்த மனிதரை நான் 'சம்பந்தி' என்றே கூப்பிட்டிருக்கிறேன். வீட்டில், மாப்பிள்ளைப் பையனை வைத்து, 'தம்பியின்ர அப்பா'. கல்யாணக் கார்டில் பெயரைப் பார்த்திருக்கிறேன். நீளமானது, கடைசியில் நாதன் என்று முடியும். முன்பாதி எந்தக் கடவுள் என்று சத்தியமாகத் தெரியவில்லை. "நாதன்" என்றேன். அந்த அம்மா இரண்டு கையையும் வாயில் குவித்து "நேதன்!" என்று கத்தினார். ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார இளைஞன் நின்று, காதிலிருந்த இயர்போனைக் கழற்றி, என்னையா கூப்பிட்டீர்கள் என்று கேட்டான்.

அவருக்கே போன் எடுப்போம் என்ற ஞானம் அப்போதுதான் வந்தது. எடுத்தேன். என் முதுகில் நாதஸ்வரம் கேட்டது. பையைத் திறந்து அவர் போனைப் பார்த்தால், திரையில் என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பொம்பிளை வீடு' என்று மின்னிக்கொண்டிருந்தது. அவருக்கும் என் பெயர் தெரியாது. ஒரு கணம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்தக் கணத்தில் சுகந்தியின் அழைப்பு வந்தது.

"இஞ்சருங்கோ, எங்க நிக்கிறியள்?"

"வந்துகொண்டிருக்கிறம்."

"சம்பந்தி?"

"பக்கத்திலதான் நிக்கிறார். நல்லாக் கதைக்கிறார். நீர் நினைக்கிற மாதிரி ஆள் இல்லை அவர்."

"அப்பிடி என்ன கதைக்கிறார்?" என்றாள்.

பொய் என்று தொடங்கியபின் சும்மா பொய் சொல்வானேன், கொஞ்சம் பயனுள்ளதாகச் சொல்வோம் என்று தோன்றியது. (பயத்திலும் என் சின்னப்புத்தி வேலை செய்தது.) "குதிரை வேண்டாமாம். தனக்கு எப்பிடி உந்த விசர் யோசினை வந்ததெண்டு தானே சிரிக்கிறார்."

"அப்பிடியோ. அவரிட்ட ஒருக்காப் போனைக் குடுங்கோ."

"அவருக்கு இப்ப... இருமல்."

"பரவாயில்லை. இருமட்டும்."

சபையோரே, நான் இருமினேன். போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒரு கல்லறையின் பக்கம் முகத்தைத் திருப்பி, ஆறடி உயர மனிதர் இருமுவதுபோல அடிவயிற்றிலிருந்து மூன்று தரம் இருமினேன். நாய் ஒரு அடி பின்னால் போனது.

போனுக்குள்ளிருந்து பதிலுக்கு ஒரு இருமல் வந்தது. அசல். அதைத் தொடர்ந்து சம்பந்தியின் குரல், வெதரைப் பற்றிக் கதைக்கும் அதே நிதானத்தோடு:

"சம்பந்தி, நான் வேறை என்னென்ன சொன்னனான் எண்டதையும் சொல்லிவிடுங்கோ. பிறகு மாறிச் சொல்லிப்போடுவன்."

வெட்கம் அடுத்த நொடியில்தான் வந்தது. முதலில் வந்தது கண்ணீர். மனிதர் உயிரோடு இருக்கிறார், நின்று நக்கலடிக்கிறார். யாரோ ஒரு புண்ணியவானின் கல்லறை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வெள்ளைக்கார அம்மா தவறாக விளங்கிக்கொண்டு, என் தோளைத் தடவி, மிகவும் வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினேன். சந்தை வாசலில் மூவரும் வரிசையாக நின்றார்கள். சம்பந்தியம்மா மட்டும் வாய் திறந்தார்.

"இவர் உப்பிடி இருமமாட்டார் அண்ணை. கொஞ்சம் இழுத்து இருமுவார்."

பிறகு சுகந்தி என்னை ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னதுதான் என்னை முற்றாகச் சாய்த்தது. காலையில் அவளும் சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, இவருக்குச் சுகரும் பிரஷரும் இருக்கு, தனிய விட்டிடாதேங்கோ அண்ணை என்று சொல்லியிருக்கிறாள். கீழே வந்து என்னைக் காணாததும், ஸ்டென்ட் வைத்த அந்த மனிதர் என்னைத் தேடி மறுபடி மேட்டில் ஏற வெளிக்கிட்டிருக்கிறார். பெண்கள் இருவரும் சைக்கிளைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அதன்பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

நான் நேரே அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு நல்ல தமிழில் ஒரு வசனம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"வெள்ளைதானே வேணும்?"

"வெள்ளைதான்" என்றார் சம்பந்தி, ஒரு ரோல்ஸை என் கையில் வைத்து.

குதிரை வந்தது. டயர் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து படம் எடுத்தார்கள். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மண்டபம்வரை நடந்தவன் நான்தான். யாரும் கேட்கவில்லை, நானாகவே பிடித்தேன். அன்றிரவு விருந்தில் சம்பந்தி மைக்கைப் பிடித்து, வந்திருந்த அத்தனை பேருக்கும் இருமல் கதையைச் சொன்னார். என் இருமலைச் செய்து காட்டியபோது மகள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

இது நடந்து மூன்று வருஷம். வெயில் காலத்துச் சனிக்கிழமைகளில் நானும் சம்பந்தியும் இப்போதும் அந்தப் பாதையில்தான் சைக்கிள் ஓடுகிறோம். அரைவழியில் சுகந்தி போன் எடுப்பாள். பக்கத்தில்தான் நிற்கிறார் என்பேன். அவள் ஒரே ஒரு வசனம் சொல்வாள்: "எங்க, ஒருக்கா இருமச் சொல்லுங்கோ." நான் போனை நீட்டுவேன். நல்ல மனநிலையில் இருந்தால் சம்பந்தி சைக்கிளை நிறுத்தி, தொண்டையைச் செருமி, கொஞ்சம் இழுத்து இருமுவார்.

மற்ற நாட்களில், அணிலைப் பார்த்துக்கொண்டு வாயை இறுக மூடியபடி நிற்பார். நான் போனை நீட்டியபடி கெஞ்சிக்கொண்டு நிற்பேன்.