பாட்டுப் பெட்டி கிலோ என்ன விலை?

கடைசித் திருகாணியையும் கழற்றிப் போட்டுவிட்டு டெல்ஃபின் நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான், அந்தப் பெட்டி யாருடையது என்ற செய்தி தெருவுக்கு வந்தது.

ஒலிபெருக்கியில் வந்தது. "என் கரோக்கிப் பெட்டியைக் காணோம்! எடுத்தவன் எவனா இருந்தாலும் மரியாதையா கொண்டாந்து வச்சிரு! பேசுறது கேப்டன் ருஃபினோ!"

கப்பல் கேப்டன் இல்லை, பேட்டைத் தலைவர். ஆனால் கப்பல் கேப்டனுக்குக்கூட அவ்வளவு அதிகாரம் இருக்காது. அவர் கையெழுத்து இல்லாமல் அந்தப் பேட்டையில் ஒரு கோழிக்கூண்டுகூட வைக்க முடியாது.

டெல்ஃபினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றிலும் பார்த்தான். இடது பக்கம் செம்புக் கம்பி, வலது பக்கம் அலுமினியம், எதிரே ஒடித்துப் பிரித்த பச்சை சர்க்யூட் போர்டுகள், சாக்குக்குள் இரண்டு பெரிய ஸ்பீக்கர் காந்தம். படக்குழாயைச் சுத்தியலால் ஒரே போடு போட்டிருந்தான். சுற்றுப் பலகையில் பாதியை அவன் மனைவி மரிவிக் அடுப்பில் வைத்து அதில் சோறும் வடித்தாகிவிட்டது.

"மரிவிக்! இங்க வா!"

மரிவிக் கரண்டியோடு வந்தாள். "என்னய்யா?"

"இது கேப்டன் பெட்டியா இருக்காதுல்ல?"

"யார்கிட்ட வாங்கினே?"

"எவனோ வண்டியில கொண்டாந்தான். வீட்டைக் காலி பண்றாங்களாம். தலையில துண்டு கட்டியிருந்தான்."

"இந்த ஊர்ல தலையில துண்டு கட்டாத ஆம்பளை எவன்?"

"கேப்டன் பெட்டி சிவப்பு, மரிவிக். இது கறுப்பு."

மரிவிக் மிச்சமிருந்த பலகையை இரண்டு விரலால் தடவினாள். விரல் கறுப்பானது. "பெயிண்ட் காயாத பழைய சாமானை எவன்யா விப்பான்? அதை எவன்யா வாங்குவான்?"

இரண்டாவது கேள்விக்கு மட்டும் டெல்ஃபினிடம் பதில் இருந்தது.

பித்தளை கிடைத்ததே என்று காலையில் முத்தம் கொடுக்காத குறையாக எடுத்து வைத்திருந்த தகடு ஒன்று ஞாபகம் வந்தது. அதையும் தேய்த்துப் பார்த்தான். எழுத்து தெரிந்தது. 'எங்கள் அன்புக் கேப்டன் ருஃபினோ என்றென்றும் பாடட்டும்! இப்படிக்கு, பேட்டை மக்கள்.'

டெல்ஃபின் தகட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

அவன் நிலைமை அப்படி. லகூனா மாகாணத்தில் அவன் வேலை பார்த்த மின்சாதனத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கையில் கொடுத்த பணத்தில் லுசேனா நகரத்தின் ஓரத்துப் பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, எடைத் தராசு வாங்கி, காயலாங்கடை போட்டான். எந்த உலோகத்தில் காந்தம் ஒட்டும், எதில் ஒட்டாது என்று மனப்பாடமாகத் தெரியும். எந்த போர்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்றும் தெரியும். சாமானைக் கொண்டுவருவதற்கு ஆள்தான் இல்லை. கடை திறந்த நாளிலிருந்து வந்ததெல்லாம் பீர் பாட்டிலும் மத்தி மீன் டப்பாவும்தான். முதல் பெரிய சரக்கு இந்தப் பெட்டி. கண் மண் தெரியாமல் உடைத்துவிட்டான்.

திங்கட்கிழமைக்குள் கேப்டன் கையெழுத்துப் போட்டால் கடைக்கு லைசென்ஸ். போடாவிட்டால் நகராட்சி வந்து பூட்டுப் போடும். அவ்வளவுதான் விஷயம்.

ஒலிபெருக்கி மறுபடி இருமியது. கேப்டனின் குரல் கரகரத்துப் போயிருந்தது. "பெட்டி கிடைக்கிற வரைக்கும் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போட மாட்டேன்! சத்தியம்!"

"போச்சு," என்றாள் மரிவிக். "வந்து சாப்பிடு. கேப்டன் பெட்டியில வெந்த சோறு."

ஆறு வருடமாகச் சாயங்காலம் ஆனால் கேப்டன் வீட்டு வாசலில் கூட்டம் கூடும் என்று இங்கே வந்த புதிதில் சொன்னார்கள். கேப்டன் காதல் தோல்விப் பாட்டாகப் பாடுவார். பெட்டி தொண்ணூற்றெட்டுக்குக் குறையாமல் மார்க் போடும். ஜனம் கைதட்டும். பக்கத்து மாதா கோயிலில் நடக்கும் பூசையில் சாமியார் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். கேப்டனுக்கு எப்படிப்பட்ட குரல் என்று கேட்டால், தெருவில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். மழை வரும் போலிருக்கிறது என்பார்கள்.

மறுநாள் காலை கேப்டன் மனைவி இமாங் அக்கா வீடு வீடாகச் சோதனை போட்டுக்கொண்டு வந்தார். கூடவே காவல் ஆள் பாஸ்டோ, கையில் நீளமான இரும்பு டார்ச்சோடு. டெல்ஃபின் அவசர அவசரமாக எல்லாவற்றையும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சாக்கில் போட்டுக் கட்டினான்.

"எடுத்தவன் கையில கிடைக்கட்டும், தோலை உரிச்சுத் தொங்கவிடுறேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு இமாங் அக்கா உள்ளே வந்தார். பாஸ்டோ சாக்குப் பக்கம் குனிந்தான். டக்கென்று ஒரு சத்தம். டார்ச் சாக்கில் ஒட்டிக்கொண்டது.

பாஸ்டோ இழுத்தான். வரவில்லை. ஒரு காலை மூட்டையில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்துப் பிடுங்கினான். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, வெறும் அரிசி," என்றான்.

இப்படி ஒரு மடையனை ஊருக்குக் காவல் போட்டிருக்கிறார்களே என்று டெல்ஃபின் மனதார நன்றி சொன்னான்.

இமாங் அக்கா வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார். "தம்பி, பழைய இரும்பு ஏத்துற லாரி எப்ப வரும்?"

"ச... சனிக்கிழமைக்கா."

"சனிக்கிழமையா? அதுக்கு முன்னாடி வராதா?" பெருமூச்சு விட்டார். "சரி. அன்னிக்கு நானே வந்து பார்க்கிறேன்."

அவர் போனதும் டெல்ஃபின் தரையில் உட்கார்ந்துவிட்டான். "கண்டுபிடிச்சிட்டாங்க, மரிவிக். லாரியில வச்சுக் கையும் களவுமா பிடிக்கப் போறாங்க."

"எனக்கென்னவோ அந்தம்மா முகம் சந்தோஷமா இருந்த மாதிரி பட்டுச்சு."

"பூனைக்கு எலியைப் பார்த்தா சந்தோஷம் வராதா?"

மனசு கேட்காமல் அன்று மாலை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனான். கோயில் அமைதியாக இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, கேப்டன் பெட்டியை நான்தான் தெரியாம வாங்கிட்டேன்."

முணுமுணுப்பு நின்றது. "பெட்டி இப்ப எங்க?"

"பிரிச்சுப் போட்டுட்டேன் சாமி."

"திரும்பச் சேர்க்க முடியுமா?"

"முடியாது சாமி. படக்குழாயை உடைச்சிட்டேன்."

"நிச்சயமா முடியாதா?"

"பலகையில சோறே வடிச்சாச்சு சாமி."

"ஆண்டவருக்கு நன்றி!"

"சாமி?"

"ஆண்டவர் மன்னிச்சார்னு சொன்னேன். எழுந்து போ."

"பரிகாரம்?"

"ஒண்ணும் செய்யாதே. நல்லா கேட்டுக்கோ மகனே, ஒண்ணுமே செய்யாதே. அதுதான் பரிகாரம்."

டெல்ஃபின் அரண்டுபோய் வெளியே வந்தான். போன மாதம் ஒரு கோழி முட்டையை எடுத்துத் தின்றதற்கு ஐம்பது செபம் சொல்லச் சொன்னவர் இதே சாமியார். இதற்கு ஒன்றுமே இல்லை என்றால், செபத்தில் அடங்காத பாவம் என்றுதானே அர்த்தம்?

"சேர்த்துடுறேன்," என்றான் வீட்டுக்கு வந்ததும். "பழைய பெட்டியை விட நல்லதா, புதுசா செஞ்சு கொண்டு போய் வைக்கிறேன். சத்தியம் பண்ணியிருக்கார். பெட்டி வந்தா கையெழுத்து."

"எதை வச்சு செய்வே? அரிசி மூட்டையை வச்சா?"

எதை வைத்து என்று மரிவிக்குக்கு வெள்ளிக்கிழமை தெரிந்தது. சந்தையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், கொட்டகை நடுவில் தராசு இருந்த இடம் காலியாக இருந்தது.

"தராசு எங்கய்யா?"

"வித்துட்டேன்."

"காயலாங்கடைக்காரன் தராசை விப்பானா? இனிமே சாமானை எதுல நிறுத்துவே, உன் வாயிலயா?"

"கடை இருந்தாத்தானே தராசு?" என்றான் டெல்ஃபின். மரிவிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அவள் அழுது அவன் பார்த்ததில்லை. ஆனாலும் கையிலிருந்த திருப்புளியை அவன் கீழே வைக்கவில்லை.

நகரத்தில் இழுத்து மூடிய ஒரு நடனக் கூடத்திலிருந்து ஆம்ப்ளிஃபையர் வாங்கினான். பழைய பெட்டியின் சத்தத்தை விட அது நான்கு மடங்கு. தட்டைத் திரை வாங்கினான். பத்தாயிரம் பாட்டு அடங்கிய புது போர்டு வாங்கினான். சிவப்புப் பெயிண்ட் அடித்தான். பித்தளைத் தகட்டைப் பளபளவென்று தேய்த்து முகப்பில் அறைந்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை. தொழிற்சாலையில் இப்படி வேலை பார்த்திருந்தால் அதை மூடியிருக்கவே மாட்டார்கள்.

சனிக்கிழமை லாரி வருவதற்கு முன்பே பெட்டியை வண்டியில் ஏற்றிக் கேப்டன் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"கேப்டன்! பெட்டி கிடைச்சிடுச்சு! பக்கத்து ஊர்ல ஒருத்தன் வித்துக்கிட்டிருந்தான், துரத்திப் பிடிச்சேன்!"

தெருவில் இருந்த ஒரு ஆள் விடாமல் வெளியே வந்தார்கள். இமாங் அக்கா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். கோயில் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்த சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். கேப்டன் கையில் இஞ்சித் தண்ணீர் கோப்பையோடு வந்து, பேயறைந்த மாதிரி நின்றார். நாலு நாளில் மனுஷன் சற்றே சதை போட்டிருந்தார். கண்ணில் நீர் முட்டியது.

"ஆனந்தக் கண்ணீர்," என்று டெல்ஃபின் மரிவிக் காதில் சொன்னான்.

யாரோ ஒருவர் கடமைக்குக் கைதட்டினார். ஒருவர் தட்டியதும் மற்றவர்கள் தட்டாமல் இருக்க முடியுமா? தெருவே தட்டியது. "பாடுங்க கேப்டன்!" என்றது ஒரு குரல், உயிரில்லாமல். "பாடுங்க, பாடுங்க!" என்றார்கள் எல்லாரும். கேப்டன் ஜனங்களைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், மைக்கை எடுத்தார்.

நடனக் கூடத்து ஆம்ப்ளிஃபையர் உயிர் பெற்றது. முதல் வரியிலேயே எதிர்வீட்டுக் கூரையிலிருந்து சேவல் கீழே விழுந்தது. நாய்கள் ஆற்றங்கரைப் பக்கம் ஓடின. மூன்றாவது சரணத்தில் கேப்டனின் குரல் கிழிந்து, காற்று மட்டும் வந்தது. பெட்டி அதற்கும் ஊதுகுழல் முழங்கி நூறு மார்க் போட்டது. ஜனம் கைதட்டியது. "இன்னொண்ணு, கேப்டன்!"

நடுவில் ஒரு இடைவெளி பார்த்து டெல்ஃபின் பல்லைக் காட்டிக்கொண்டு காகிதத்தை நீட்டினான். "கேப்டன், கையெழுத்து..."

கேப்டன் காகிதத்தை வாங்கினார். நாலாக மடித்தார். டெல்ஃபின் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார். "போட முடியாது," என்றார், பாதிக் குரலில்.

டெல்ஃபின் தலையில் இடி விழுந்தது. "பெட்டிதான் வந்துடுச்சே கேப்டன்! சத்தியம் பண்ணீங்களே?"

"வந்துடுச்சுல்ல? அதனாலதான்," என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்கு மைக்கைத் தூக்கினார் கேப்டன்.

டெல்ஃபின் தள்ளாடி நடந்து போய் வேலியோரம் உட்கார்ந்தான். கடை போச்சு. தராசு போச்சு. கையிருப்பு எல்லாம் அந்தச் சிவப்புப் பெட்டிக்குள் அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காவல் ஆள் பாஸ்டோ இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் பாஸ்டோ? தொலைஞ்ச சாமானைக் கொண்டாந்து குடுத்தது ஒரு குத்தமா?"

பாஸ்டோ ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்துவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அட மடையா! ஜனங்க ஆசையா வாங்கிக் குடுத்ததைத் தூக்கிப் போடவும் முடியாம, அவங்க கைதட்டுறப்ப பாடாம இருக்கவும் முடியாம, அந்த மனுஷனே ராவோட ராவா உக்காந்து கறுப்புப் பெயிண்ட் அடிச்சு, என் மச்சான் தலையில துண்டைக் கட்டி உன் கடைக்கு அனுப்பி வச்சா, அதை நீ திரும்பக் கொண்டாந்து வைப்பியா?"