பூங்கொடி லாரி ஏறிய கதை

நாவலைப் படித்துவிட்டு, அது படமாக வந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் "புக்குல இப்படி இல்லீங்க" என்று உயிரை வாங்கும் ஜென்மமா நீங்கள்? அப்படியென்றால் வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போங்கள். நான் ஒட்டாமல் போனேன். (ஒரு கல்யாணமே கவிழப் பார்த்தது.)

என் அக்கா பெயர் பூங்கொடி. கோலியனூரிலிருந்து திண்டிவனத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து அவளுக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை சரவணனுக்கு அம்மா இல்லை, வளர்த்ததெல்லாம் அத்தை. அத்தை தலையசைத்தால்தான் அந்த வீட்டில் டீயே கொதிக்கும். நிச்சயத்துக்கு முன்னால் பெண்ணும் பையனும் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும் என்று விழுப்புரத்தில் ஒரு படத்துக்கு ஏற்பாடு. அவர்கள் பக்கம் காவலுக்கு அத்தை, எங்கள் பக்கம் நான். அக்காவுக்கு அந்த ஆளைப் பிடித்துப்போய்விட்டது. கிளம்புவதற்குள் மூன்று புடவை மாற்றினாள்.

படம், நான் காலேஜில் படித்த நாவல். (முழுசாகப் படித்த ஒரே நாவல். திமிருக்குக் காரணம் அதுதான்.) "நான் இத படிச்சிருக்கேன்" என்று டிக்கெட் கிழிப்பவரிடம்கூடச் சொன்னேன்.

ஆரம்பித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாவலில் கதாநாயகி பெயரும் பூங்கொடிதான். படத்தில் ஸ்டைலுக்காக அவளை மாயா ஆக்கிவிட்டார்கள். தியேட்டர் மொத்தத்துக்கும் அவள் மாயா. எழுத்தாளரின் ஒரே விசுவாசியான எனக்கு மட்டும் பூங்கொடி.

இடைவேளையில், பாப்கார்ன் கூட்டத்தில் நின்றபடி, நாவலை எனக்குக் கொடுத்த பாஸ்கருக்குப் போன் போட்டேன். இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மச்சி, பூங்கொடிய நெனச்சா பாவமா இருக்குடா. அந்த மாப்பிள்ளைய அவளுக்குச் சுத்தமா புடிக்கல. வீட்டுக்காகத் தலையாட்டிக்கினு இருக்கா. கல்யாணத்துக்கு மொத நாளு லாரிக்காரனோட ஓடிடுவா இல்ல? இங்க ஒருத்தருக்கும் தெரியலடா! எனக்கு மட்டும்தான் தெரியும். நான் மூச்சு விடல. சொல்லிட்டா சஸ்பென்ஸ் பூடும்!"

திரும்பினால் அத்தை.

"இன்னா அத்தே, பாப்கார்ன் வாங்கட்டா?"

"வேணாம்பா. எனக்கு வயிறு ரொம்பிடுச்சு."

உள்ளே போனதும் அத்தை சரவணன் காதில் ஏதோ சொன்னார். "ஜல்தி கெளம்பு" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. இருவரும் எழுந்து போயே போய்விட்டார்கள். அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"பாத்தியாக்கா, அவங்களுக்கே புடிக்கல. புக்கு மாதிரி எடுக்கலன்னா இதான் கதி."

(இதை நினைத்தால் இன்றைக்கும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.)

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் வந்தது. பேசி முடித்தவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"யாரும்மா அந்த லாரிக்காரன்?"

"எந்த லாரிப்பா?" (எங்கள் தெருவில் லாரி ஓட்டும் ஒரே ஆள், பேரன் பேத்தி எடுத்தவர்.)

"கல்யாணத்துக்கு மொத நாளு ஓடப் போறியாமே. உன் தம்பியே சொன்னானாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். போனை எடுத்துப் பார்த்தாள். சரவணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. "மாயான்னு சொன்னா வாய் வெந்தாடா பூடும் உனக்கு?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுவது வெளியே கேட்டது.

மறுநாள் நாவலைத் தூக்கிக்கொண்டு கோலியனூருக்கு ஓடினேன். அத்தை கூடத்தில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, லாரி வரும் பக்கத்தைப் பிரித்து வாசித்தேன்.

"மெய்யாலுமே அவ பொஸ்தவத்துல இருக்கறவளா?"

"சத்தியமா அத்தே."

"அப்போ உங்கக்காவுக்கு எங்க பையனைப் புடிச்சிருக்கா?"

"மூணு பொடவ மாத்துனா அத்தே."

மல்லாட்டை உரிப்பது நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து சரவணன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"செரி, உக்காரு. அந்தப் பொண்ணு லாரி ஏறுனப்பறம் இன்னா ஆச்சு? படி."

மத்தியானம் வரைக்கும் படித்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

கல்யாணம் நடந்தது. முதல் நாள் மண்டபத்து வாசலில் சாமான் இறக்க ஒரு லாரி வந்து நின்றதும், அத்தை மைக் இல்லாமலே கத்தினார்: "பொண்ணைப் புடிச்சிக்கோங்கப்பா!" மண்டபமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், என் பக்கம் திரும்பாமல். சரவணன் மாமாவின் போனில் என் பெயர் 'லாரி'.

அதே எழுத்தாளரின் இன்னொரு நாவலும் இப்போது படமாக வந்திருக்கிறது. மாமாவும் அக்காவும் அத்தையும் விழுப்புரம் தியேட்டரில் இருக்கிறார்கள். எனக்கு டிக்கெட் போடவில்லை.